தேவ்ளாலி முதல் டூலாலி வரை

2009இல் புணே கொரிந்தியன்ஸ் கிளப்பில் தொடங்கிய மைக்ரோபிரூவரி மகாராட்டிரத்தின் முதலாவது. முளைகட்டிய தானியச் சாறு ஈஸ்ட்டால் நொதித்து, புட்டியில் அடைபடாமல் குவளைக்கு வந்தது. வைத்த பெயர் டூலாலி.

இது நாசிக் அருகேயுள்ள தேவ்ளாலி என்னும் ஊர்ப்பெயரின் ஆங்கிலத் திரிபு; மராத்தி ளகரம் ஆங்கில நாவில் லகரமாயிற்று. பணிக்காலம் முடிந்த பிரித்தானியப் படைவீரர் தாயகம் செல்லும் கப்பலுக்காக அங்குள்ள முகாமில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தனர். வெயிலும் சும்மா இருத்தலும் சிலரின் மனத்தைக் குலைத்தன. அந்நிலையைப் படையினர் ‘டூலாலி தாப்’ என்றனர். ‘தாப்’ என்றால் காய்ச்சல். நம் ‘தாபம்’ இதன் உறவுச்சொல். காலப்போக்கில் ‘தாப்’ உதிர, ‘டூலாலி’ மட்டும் ‘கிறுக்கு’ என்னும் பொருளில் நிலைத்தது. நோயாளியின் துயரம் கேலிச்சொல்லாகி, கேலிச்சொல் வணிகப்பெயராகி மராட்டிய மண்ணுக்கே திரும்பியிருக்கிறது. ஊராரின் வழக்கில் அவ்வூர் இன்றும் தேவ்ளாலிதான்.