கொக்கி ஊசியும் கூலியும்

நம் தலைமுறை வீடுகளில் ரேடியோவுக்கு ஒரு கவர் இருந்தது. பிறகு டி.வி. வந்தது, அதற்கும் ஒரு கவர். வாசல் தோரணம், மேஜை விரிப்பு, தட்டு மூடி எல்லாமே வெள்ளை நூலில், கரையில் மட்டும் சிவப்போ பச்சையோ வைத்து, குரோஷா ஊசியில் பின்னியவை. யார் பின்னியது என்று விருந்தாளி கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துல அம்மா போட்டது" என்பார்கள். அந்தச் "சும்மா" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்று பொருள். அச்சில் வந்த குரோஷா மாதிரிகளில் நமக்குத் தெரிந்த பழையவை 1823இல் ஒரு டச்சுப் பெண்கள் பத்திரிகையில் வந்தன. அவை பட்டு நூலில் பின்னும் சுருக்குப் பைகளுக்கானவை. அதாவது, வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு.

இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பல் ஏறி நாட்டை விட்டுப் போனார்கள். அப்போது கன்னியாஸ்திரீ மடங்களில் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கொக்கியும் ஒரு நூல்கண்டும் போதும், தறி வேண்டாம், முதல் வேண்டாம். ஒருத்தி ரோஜா பின்னுவாள், இன்னொருத்தி இலை பின்னுவாள், வேறொருத்தி எல்லாவற்றையும் சேர்த்து லேஸ் ஆக்குவாள். அது லண்டன், பாரிஸ் கடைகளுக்குப் போனது. அந்தக் காசில் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

நம் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். இது கொக்கி வேலை அல்ல. திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855 வரை சட்டப்படி நடந்தது. லேஸ் விற்ற காசைக் கட்டித் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, இந்தக் கைவேலையையும் அங்கே கொண்டு போனார்.

கொக்கி ஊசியே பெரிய தொழிலாக வளர்ந்தது ஆந்திராவில், கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரத்தில். அதற்கும் தொடக்கம் மிஷனரிகள்தான். அங்கே பின்னியது வெளிநாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதி ஆனது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் வீட்டு வேலை போக, நாளில் பல மணி நேரம் பின்னினார்கள். கிடைத்த கூலி மிகக் குறைவு. வியாபாரிகள் மட்டும் மாடி வீடு கட்டினார்கள். காரணம், அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று கணக்கில் வைக்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பவர்கள் பொழுது போகப் பின்னுகிறார்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண்களின் கணவர்களும் அப்படியே சொன்னார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். போன மாதம் பேத்திக்கு ஒரு யானை பின்னினேன். ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்று பெயர் வைத்துப் பரப்பிய பொம்மை வகை இது. நீல உடம்பு, மஞ்சள் காது, நான்கு காலும் நான்கு நிறம். தலைக்கு 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டி 36 வரை போக வேண்டும். பிறகு 7 சுற்று கூட்டாமல் பின்னி, மறுபடி சுற்றுக்கு 6 குறைத்துக்கொண்டே வந்து பஞ்சடைத்து மூட வேண்டும். தலைக்கு மட்டும் 468 கண்ணி. கைக்குழந்தை பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் பட்டன் வைக்காமல் கண்ணைக் கறுப்பு நூலால் தைத்தேன். தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் முடிக்க 14 நாள் ஆனது.

அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, என் பையனுக்கும் ஒண்ணு போட்டுத் தாங்களேன். 200 ரூபா தர்றேன். நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க?"

"நூலும் பஞ்சுமே 180 ரூபா ஆச்சும்மா" என்றேன்.

மீதி 20 ரூபாய். வேலை 21 மணி நேரம். மணிக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. அவள் நல்ல பெண், ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. கடையில் மெஷின் தைத்த யானை பொம்மை அந்த விலைக்குக் கிடைக்கிறது, அதை வைத்துச் சொன்னாள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. குரோஷா பொம்மையை இன்றும் கையால்தான் பின்ன வேண்டும். குரோஷா பொம்மை என்று எங்கே எதை வாங்கினாலும், அதன் பின்னால் கண்ணி எண்ணிய ஒரு மனுஷி இருக்கிறாள்.

எனக்குப் பென்ஷன் வருகிறது. பேத்திக்குப் பின்னுவதற்குக் கூலி வேண்டாம். ஆனால் இதையே நம்பிப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நரசாபுரம் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். பெயருக்குக் கிடைத்த மதிப்பு பின்னும் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை கண்காட்சியில் இப்படி ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால், பேரம் பேசுவதற்கு முன்னால் அதன் தலையில் ஒரே ஒரு சுற்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் அம்மா பின்னிய டி.வி. கவர் கிடந்தால் அதையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். அம்மா ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.