சட்டைப்பைத் துப்பாக்கியும் நம் நாட்டு ஈரமும்

ஆயுதங்களின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையே நோக்கி எழுதுவர். பீரங்கி எத்தனை கல் தொலைவு சுட்டது, எந்தப் படை எந்தத் துப்பாக்கியால் வென்றது என்பனவே அவர்தம் நூல்களில் நிறைந்திருக்கும். இருபது ஆண்டுகள் ஒருவன் இடுப்பிலேயே கிடந்து, ஒரு முறையேனும் சுடப்படாமல், துருவேறி ஒழிந்த துப்பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டன்றோ? அத்தகைய சிறு ரிவால்வரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். மறைத்து வைத்து நாள்தோறும் சுமப்பதற்கென்று செய்யப்பட்ட அக்கருவியை, மலாயாவைப் போன்ற ஈர நாடுகளில் எவற்றை நோக்கித் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது, அதைச் செய்தோர் ஈரத்தோடு எங்ஙனம் போராடினர், அதனைச் சுமக்கும் உரிமை நம் நாட்டில் யாருக்கு இருந்தது என்பனவற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ரிவால்வர் என்பது சுழலும் உருளையொன்றில் ஐந்தாறு தோட்டாக்களை வைத்து, விசையை இழுக்குந்தோறும் ஒரு தோட்டா குழலுக்கு நேரே வந்து நிற்குமாறு அமைத்த கைத்துப்பாக்கி. தொடக்கத்தில் மருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே உருளையின் முன்புறமாக இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. மழையில் நனைந்தால் மருந்தும் நனைந்தது. 1855 இல் ரோலின் ஒயிட் என்னும் அமெரிக்கர், உருளையை முன்னும் பின்னும் திறக்கத் துளைத்துத் தோட்டாவைப் பின்புறமாகச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் அம்முறையைக் கைக்கொண்டு 1857 இல் ஏழு தோட்டாக்கள் கொண்ட ஒரு சிறு ரிவால்வரை வெளியிட்டனர். 1869 இல் அவ்வுரிமை காலாவதியாகவே, அமெரிக்காவில் மற்றையோரும் அவ்வாறு செய்யலாயினர்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வெப்ளி கம்பெனியார் 1872 இல் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்ற ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். குழல் இரண்டரை அங்குலமே; தோட்டா ஐந்து; உடல் சிறிது, குண்டு பெரிது. மேல்சட்டைப் பைக்குள் அடங்கும் துப்பாக்கி என்று அதற்குப் பெயர் பரவிற்று. பெல்ஜியத்து லியேஜ் நகரத்தார் அதனைப் பார்த்து மலிவாகச் செய்து கண்டங்கள் எல்லாவற்றிற்கும் அனுப்பினர். 1881 ஜூலை 2 ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டைச் சுட்ட கிட்டோவின் கையில் இருந்ததும் இவ்வினத்துத் துப்பாக்கியே. மறைத்து வைக்கும் ஆயுதம் காவலுக்கு மட்டுமே பயன்படும் என்று எண்ணுவோர் இதனை நினைவில் வைப்பாராக.

இனி, ஈரத்தின் செயலைப் பார்ப்போம். இரும்பு காற்றில் இருந்தால் துருப்பிடிக்கும் என்று நாம் பொதுவாகச் சொல்கின்றோம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதை ஒட்டிய ஓர் எல்லையைத் தாண்டிய பின்னரே துருவின் வேகம் திடீரென்று பெருகுகின்றது என்பதை வெர்னன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1930களில் ஆராய்ந்து காட்டினார். கோலாலம்பூரில் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்பது. இரவில் தொண்ணூறையும் கடப்பது. ஆகவே இங்கு இரும்புக்கு ஓய்வு நாள் என்பதே இல்லை. இதன் மேல் வியர்வையும் சேருமானால் கேட்க வேண்டுவதில்லை. வியர்வை என்பது உப்பு நீர். நாம் உண்ணும் உப்பு, காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தை எட்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கசியும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிவதை நம் பெண்டிர் அறிவர். அதே கசிவுதான் இடுப்பில் செருகிய இரும்பின் மீதும் நிகழ்கின்றது. உடம்பை ஒட்டிய பக்கமே முதலில் செந்நிறம் காணும்.

மறைத்தல் என்பதன் முதற் கேடு இதுவே. வெளிப்படையாக இடைவாரில் தொங்கும் பெரிய துப்பாக்கிக்குக் காற்றாவது படும். மறைத்து வைப்பதோ சட்டைக்கும் தோலுக்கும் நடுவே நாள் முழுதும் வேகின்றது. தோல் உறையில் இட்டால் காப்பு என்று பலர் நம்பினர். தோலோ, தான் குடித்த வியர்வையை எளிதில் விடாது. பதனிட்ட உப்பும் அதனுள் இருக்கக்கூடும். இரவில் உறையோடு பெட்டியில் பூட்டி வைத்த ரிவால்வர், மேசை மேல் கிடந்ததைக் காட்டிலும் விரைவில் கெட்டது. சுமப்பதற்குத் தோல் வேண்டும். வைப்பதற்குத் தோல் ஆகாது. இவ்வளவு எளிய செய்தி.

வெளிப்புறத்திற்கு அக்காலத்தில் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று நீலமேற்றுதல். அஃது இரும்பின் மேற்பரப்பையே மெல்லிய கருநீலப் படலமாக மாற்றுவது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவே. மற்றொன்று நிக்கல் முலாம். 1870களுக்குப் பின் சட்டைப்பை ரிவால்வர்களில் பெரும் பகுதி வெள்ளி போல் மின்னியதற்கு இதுவே காரணம். முலாம் பழுதின்றி இருக்கும் வரையில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஊசி முனை அளவு கீறல் விழுந்துவிட்டால், நிக்கலும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து மின்கலம் போல் வேலை செய்து, அவ்விடத்து இரும்பு முன்னிலும் விரைவாக அரிக்கப்படும். மேலே பளபளப்பு, உள்ளே பொக்கை. சில மனிதரையும் இவ்வாறு கண்டதுண்டு.

கைப்பிடியைப் பற்றி ஒரு சொல். மரப்பிடி ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆதலின் பல கம்பெனியார் ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சிய கெட்டி ரப்பரால் பிடி செய்தனர். 1877 இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்த காலத்தில், உலகின் ரப்பரில் பெரும் பங்கு பிரேசில் காட்டிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. நம்மவர் பால் வெட்ட வந்தது அதன் பின்னர் நடந்த கதை.

நிற்க, வெளித்துருவைக் காட்டிலும் குழலின் உட்துருவே நெடுங்காலம் விளங்காப் புதிராக இருந்தது. பழைய கரிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்தது. சுட்ட பின் குழலில் படியும் கசடு ஈரத்தை இழுத்துக் கெடுத்தது. 1884 இல் பிரான்சில் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். கசடு மிகவும் குறைந்தது. ஆயினும் துரு நிற்கவில்லை! எண்ணெய் பூசினர், துரு வந்தது. புதிய மருந்தையே பழித்தனர். சிலர் எஃகைப் பழித்தனர். உண்மைக் காரணம் தோட்டாவின் அடியிலுள்ள சிறு கேப்பில் இருந்தது. அதில் இட்ட பொட்டாசியம் குளோரேட்டு வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அஃதாவது ஓர் உப்பாகக் குழலில் படிகின்றது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த ஹப் என்பார் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வுப்பு காற்றின் ஈரம் நூற்றுக்கு எண்பத்து நான்கை ஒட்டி ஏறும்போது நீராய்க் கசியும். ஐரோப்பாவில் கணப்பு மூட்டிய அறையில் அஃது உலர்ந்தே கிடக்கலாம்; மலாயாவில் ஒவ்வோர் இரவும் கசியும். ஒரே தோட்டா அங்கே தாமதமாகவும் இங்கே விடியுமுன்பும் குழலைத் தின்றதன் காரணம் இதுவே. உப்பு எண்ணெயில் கரையாது, வெந்நீரில் கரையும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசியவனே தப்பினான். துப்பாக்கியில் நீரை ஊற்றுவதா என்று சிரித்தவன் குழலை இழந்தான். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் குளோரேட்டு இல்லாத கேப்புகள் விற்பனைக்கு வந்தன.

எண்ணெயும் அளவோடு இருக்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய் கேப்பினுள் கசிந்தால் தோட்டா ஊமையாகிவிடும். தோல் வாரில் செருகி வைத்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். நம் வீட்டுச் செம்பில் ஏறுமே, அதுவேதான். களிம்பு தடித்தால் தோட்டா உருளைக்குள் நுழையாது.

தோட்டா ஒன்று ஊமையானால் ரிவால்வர் வைத்திருப்பவன் செய்ய வேண்டியது மீண்டும் ஒரு முறை விசையை இழுப்பதே. உருளை திரும்பி அடுத்த தோட்டா வந்துவிடும். தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ ஊமைத் தோட்டாவைக் கையால் இழுத்து அகற்றினாலன்றி மேலே நடவாது. தானியங்கிகள் மெல்லியனவாகவும் மிகுதியான தோட்டாக்கள் கொள்வனவாகவும் வந்த பின்னரும் ஈர நாடுகளில் ரிவால்வரைப் பலர் கைவிடாமைக்கு இஃது ஒரு பெருங்காரணம் என்பது நம் கருத்து.

மறைத்துச் சுமப்போர் வேண்டிய மற்றொன்று, எடுக்கும்போது துணியில் மாட்டாமை. பின்புறத்தே கொக்கி போல் நீண்டிருக்கும் சுத்தியல் சட்டைப்பையில் சிக்குவது வழக்கம். 1887 இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் சுத்தியலை உடலுக்குள்ளேயே மூடிவைத்து, பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுடாத ஒரு ரிவால்வரைச் செய்தனர். எலுமிச்சை பிழிவது போல் பற்ற வேண்டியிருந்ததால் எலுமிச்சைப் பிழியி என்று அதனைக் கேலியாக அழைத்தனர். மூடிய சுத்தியலால் சட்டை நூலும் வியர்வையும் உட்புகுவது குறைந்தது. ஆனால் புகுந்த ஈரத்தைக் கண்ணால் காணவும் இயலாது போயிற்று. 1938 இல் பிரிட்டிஷ் இராணுவத்தாரும் டாங்கி வீரருக்காக என்பீல்டு ரிவால்வரின் சுத்தியல் கொக்கியை வெட்டிவிட்டனர்.

1927 இல் கோல்ட் கம்பெனியாரின் டிடெக்டிவ் ஸ்பெஷல் வந்தது. இரண்டங்குலக் குழல், ஆறு தோட்டா. 1950 இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரின் சீப்ஸ் ஸ்பெஷல் வந்தது. ஐந்து தோட்டா, அதனினும் ஒல்லி. இரண்டும் .38 அளவின. 1952 இல் அலுமினியக் கலவையால் உடல் செய்து எடையைக் குறைத்தனர். அலுமினியம் செந்துரு காணாது எனினும் உப்பு அதனையும் அரிக்கும். எடை குறைந்தால் உதையும் மிகும். கையில் கனத்தால் சுமக்க மாட்டான், கனம் குறைந்தால் சுட அஞ்சுவான். இவ்விரண்டுக்கும் நடுவே இன்று வரை ஒரு முடிவும் ஏற்படவில்லை.

ஈரத்திற்கு உண்மையான மறுமொழி சொன்னது துருப்பிடியா எஃகு. நாம் எவர்சில்வர் என்பது. அதன் பிறப்பே துப்பாக்கியால் வந்தது என்பதைப் பலர் அறியார். துப்பாக்கிக் குழல்கள் வெப்பத்தாலும் மருந்தாலும் உட்புறம் தேய்வதைத் தடுக்க வழி தேடும்படி 1912 இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1913 ஆகஸ்டில் அவர் நூற்றுக்குப் பன்னிரண்டே முக்கால் அளவு குரோமியம் சேர்த்து ஓர் எஃகு வார்த்தார். அஃது எலுமிச்சைச் சாற்றுக்கும் காடிக்கும் அசையவில்லை. உடனே அதனைக் கத்தியும் கரண்டியுமாக்கினர். குரோமியம் காற்றோடு கூடி மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்துகின்றது. கீறினாலும் அப்படலம் தானே மூடிக்கொள்கின்றது. நிக்கல் முலாமுக்கு இல்லாத குணம் இது. துப்பாக்கிக்காகத் தேடியது அடுக்களைக்குப் போய், அடுக்களையிலிருந்து துப்பாக்கிக்குத் திரும்ப அரை நூற்றாண்டு சென்றது. 1965 இல்தான் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் தம் 60 ஆம் எண் மாதிரியை முழுதும் அவ்வெஃகால் செய்து விற்றனர். அவ்வகை ரிவால்வர்களுள் அதுவே முதலாவது. வியர்வையோடு நாட்கணக்கில் விட்டால் அதிலும் செம்புள்ளி தோன்றும். எனினும் ஈர நாட்டில் மறைத்துச் சுமப்பதற்கு, சிறியதும், சுத்தியல் மூடியதும், எவர்சில்வரால் ஆனதுமாகிய ஐந்து தோட்டா ரிவால்வரே ஏற்றது என்று அதன் பின் பலர் துணிந்தனர். சிங்கப்பூர்க் காவல் துறையினரும் அண்மைக் காலம் வரை .38 அளவுள்ள ஐந்து தோட்டா ரிவால்வரையே பல்லாண்டுகள் இடுப்பில் சுமந்தனர்.

இத்தனையும் இரும்பைப் பற்றிய பேச்சு. யார் இடுப்பில் அந்த இரும்பு இருக்கலாம் என்பது வேறு பேச்சு.

1948 ஜூன் 16 ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட்டை அடுத்த இரண்டு தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது; 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. துரைமார் இடுப்பில் உரிமம் பெற்ற ரிவால்வர் ஏறிற்று. தோட்டங்களில் விசேஷக் காவலர் நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் இயற்றிய அவசரச் சட்டத்தின் கீழ், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு மரண தண்டனை விதிக்கலாயிற்று. அவன் அதனைச் சுட்டானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மறைத்தலின் இரண்டாவது கேடு இது. சட்டைக்குள் அடங்குவதே அச்சிறு ஆயுதத்தின் குணம். ஆள்வோர் அஞ்சியதும் அக்குணத்தையே.

அச்சட்டம் நம்மவர் ஒருவர் மீது வந்து விழுந்தது. தஞ்சையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவரும், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராய் இருந்தவருமாகிய எஸ். ஏ. கணபதி 1949 மார்ச் 1 ஆம் நாள் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தில் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. ஆனால் அவர் எவரையும் சுட்டதாக வழக்கு இல்லை. இந்திய அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டது. கைதாகி அறுபத்தைந்தாம் நாள் விடிந்தபோது, 1949 மே 4 இல், கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கூலி உயர்வுக்காகத் தோட்டந்தோறும் பேசி வந்த குரல்களுள் ஒன்று அதனோடு நின்றது.

அவசரகாலம் முடிந்த 1960 இலேயே இயற்றிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தோருக்கு அதே தண்டனை தொடர்ந்தது. அச்சட்டம் 2012 இல் நீக்கப்பட்டது. மலேசியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களின் தண்டனையை மிகுத்தது. மரணம் கட்டாயம் என்னும் விதி 2023 இல் எடுபட்டது. சிங்கப்பூரில் 1973 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும், தீங்கு செய்யும் கருத்தோடு சுட்டால் மரணமும் உண்டு.