காதா? கணக்கா?

தாடிக்கொம்பில் ஓர் இளைஞர் மன்றம் ஒலிபெருக்கி வாங்கத் திண்டுக்கல்லுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஏறுமுன்பே வழக்கு மூள்கிறது. “நேரில் கேட்டு வாங்குவோம், ஒலிக்குக் காதைவிட உயர்ந்த நடுவர் உண்டோ?” என்கிறார் ஒருவர். “அளவுத்தாளைப் பார்ப்போம், கருவிக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை” என்கிறார் மற்றொருவர்.

காதா, கணக்கா? இந்த வழக்கு இன்று பிறந்ததன்று, தோழர்களே! ஒலிபெருக்கி ஊருக்குள் வருமுன்பே, இசையுலகிலே இது நடந்தது. அதில் முன்னின்று வாதாடியவர், இதே திண்டுக்கல்லில் படித்தவர்!

1859இல், சாம்பவர் வடகரையிலே பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். 1870களில் ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் வந்தார், வயலினும் கற்றார். பின்னர் தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ் பெற்றார். மருந்து அளந்த அந்தக் கை, இசையையும் அளக்கத் துணிந்தது.

ஒரு தாயிக்குள் சுருதி எத்தனை? இருபத்திரண்டு என்றன பழைய வடமொழி இசைநூல்கள். முனிவர் சொன்னார், முன்னோர் ஏற்றார், நாமும் ஏற்போம் என்றிருந்தது நாடு. பண்டிதர் ஏற்றாரில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் ஆராய்ந்தார். தந்தியின் நீளத்தைக் கணக்கிட்டார். இருபத்து நான்கு சம பங்கு என்றார். 1912இல் தஞ்சையில் சங்கம் அமைத்து, மாநாடுகள் கூட்டி, மறுப்பவரையும் அழைத்தார்.

1916இல் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு நடந்தது. கணக்கை மட்டும் படித்துவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. அவர் குடும்பத்துப் பெண்கள் அவையின்முன் வீணை மீட்டிப் பாடிக் காட்டினர். குடும்பப் பெண்கள் பொதுமேடை ஏறுவதைப் பலர் குறையெனக் கருதிய காலம் அது! கணக்கைக் காதின்முன் நிறுத்தினார். தீர்ப்பைக் கேட்டவரிடம் விட்டார். மறு ஆண்டு வெளிவந்தது ‘கருணாமிர்த சாகரம்’.

அவர் சொன்னதெல்லாம் சரிதானா? அவரையும் ஆராயாமல் ஏற்றால், ஒரு முனிவரை இறக்கி இன்னொரு முனிவரை ஏற்றியவராவோம். குரல் நொடிக்கு 240 அதிர்வு என்றால், மூன்றுக்கு இரண்டு என்ற இயற்கை விகிதப்படி இளி 360. சம பங்குக் கணக்கிலோ ஏறத்தாழ 359.6. பாட்டின் ஓட்டத்திலே காது இதனைக் கண்டுகொள்வது அரிது, கணக்கு விடாது. 1963இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்னும் ஆய்வாளர் இருவர் வட இந்திய இசைவாணரின் சுரங்களைக் கருவியால் அளந்து வெளியிட்டனர். ஒருவருக்கொருவர் மாறின; ஒருவரே இசைக்கும்போதும் நிலை மாறிற்று! இருபத்திரண்டோ, இருபத்து நான்கோ, உயிருள்ள இசை எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கி நிற்கவில்லை. ஆயினும் அளந்து பார்க்கச் சொன்ன பண்டிதரின் வழி தோற்கவில்லை; அந்த வழியேதான் இந்த உண்மையும் வெளிவந்தது.

ஒலிபெருக்கிக்கு வருவோம். கனடா நாட்டிலே ஃபிளாய்ட் டூல் என்னும் அறிஞர், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப்பின் வைத்து, பெயரும் விலையும் தெரியாமல் மக்களைக் கேட்கச் செய்தார். 1985, 86இல் வெளியான அவர் முடிவு: கேட்டவர் விரும்பியவையும், முறையாக அளந்ததில் நன்கு தேறியவையும் பெரும்பாலும் ஒன்றே! 1994இல் அவரும் ஷான் ஆலிவும் திரையோடும் திரையின்றியும் அதே சோதனையை நடத்தினர். திரை விலகியதும் மதிப்பெண் மாறிற்று. பெரிய பெட்டி, உயர்ந்த பெயர் என்று கண் சொன்னதைக் காது எதிரொலித்தது.

எனவே பகை, காதுக்கும் கணக்குக்கும் இடையே அன்று. பெட்டியின் பெருமையைக் கண்டு மயங்கும் மனமே, நூலின் பழமையைக் கண்டும் மயங்குகிறது. பிறப்பைக் கேட்டுப் பேச்சை மதிப்பிடுகிறது.

தாடிக்கொம்புத் தோழர்களே! அளவுத்தாளைப் படியுங்கள், யார், எப்படி அளந்தார் என்று கேளுங்கள். பின்னர் கடையிலே ஒரு துணியைக் கட்டச் சொல்லுங்கள். ஒரே பேச்சை, ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்து, பெயர் அறியாமல் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துணியை மட்டும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். நாளை அந்த ஒலிபெருக்கியில் பேசப் போகிறவரின் சொல்லையும் அப்படியே கேட்க வேண்டும்!