பாதி பலத்தின் கணக்கு

1928 ஜனவரி. பாட்டியாலாவில் திரண்டிருந்த கூட்டம் சரியாக உட்கார்ந்து முடிப்பதற்குள் குஸ்தி முடிந்துவிட்டது. போலந்து மல்லர் ஸ்தானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் மண்ணில் சாய்த்துவிட்டார் காமா பயில்வான். இதே இருவரும் 1910 செப்டம்பரில் லண்டனில் மோதியபோது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போராடியும் வெற்றி தோல்வி தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே பதினேழு ஆண்டுகளுக்கு மேல். பாட்டியாலாவில் இறங்கியபோது காமாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சாய்த்த பிடியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அந்த உடம்பு இத்தனை கோடையும் மழையும் குளிரும் தாண்டி எப்படித் தளராமல் நின்றது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அதற்கான விடையை மருத்துவ நூல்களிலிருந்து தேடத் தொடங்கலாம். சுஸ்ருத சம்ஹிதை தேகப்பயிற்சிக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. உடம்பைப் பேண நினைப்பவன் எல்லாப் பருவத்திலும், நாள்தோறும் பயிற்சி செய்ய வேண்டும். ஆனால் தன் பலத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீறினால் அதுவே ஆளைக் கொல்லும். பாதி தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? அதற்கும் அடையாளம் சொல்கிறது: நெஞ்சில் இருக்கும் காற்று வாய்க்கு வந்துவிட்டால் அதுதான் பாதி. மூக்கால் விட்ட மூச்சை வாயால் இழுக்கத் தொடங்கும் அந்தக் கணம். கடிகாரமும் எடைக்கல்லும் தேவைப்படாத அளவுகோல் இது. நடந்துகொண்டே பேசிப் பார், திணறாமல் பேச முடிந்தால் சரியான வேகம் என்று இன்றைய பயிற்சியாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

வாக்படர் கொஞ்சம் கண்டிப்பானவர். அவருடைய அஷ்டாங்க ஹிருதயம், நெய்யும் கொழுப்புமாகச் சாப்பிடும் பலசாலிக்கே பாதி பலத்தை அனுமதிக்கிறது, அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மட்டும். மற்றப் பருவங்களில் இன்னும் மெதுவாக. அளவு மீறுகிறவனுக்கு அவர் காட்டும் உவமை யானையை இழுத்துச் செல்ல முயன்று அழிந்துபோகும் சிங்கம். பலசாலியான சிங்கமே சாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு நூலுக்கும் நடுவே சின்னக் கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் பலம் முழுவதையும் செலவழி என்று மட்டும் இரண்டும் சொல்லவில்லை. குறைத்துக்கொள் என்கின்றன. ஆண்டு முழுக்கப் பயிற்சி தொடர்வதற்கான சூட்சுமம் முழுவதும் இந்தக் குறைத்தலில் அடங்கியிருக்கிறது.

மல்லர்கள் இதைத் தொழிலாகவே வளர்த்தார்கள். குஜராத்தின் மோதேராவைச் சேர்ந்த ஜேஷ்டிமல்லர்கள் என்ற மல்லர் குலத்துக்கு மல்ல புராணம் என்று தனியே ஒரு நூல் உண்டு. கிடைத்திருக்கும் பழைய பிரதி 1640-ஆம் ஆண்டுக்குரியது. மல்லர்களை வகை பிரிப்பது, பயிற்சிகளை வகுப்பது, கோதாவைத் தயாரிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. எந்தப் பருவத்தில் மல்லன் எதைச் சாப்பிட வேண்டும் என்பதையும் அது விட்டுவைக்கவில்லை. மைசூர் தசராவில் வஜ்ரமுஷ்டி மல்யுத்தம் ஆடும் ஜெட்டிகள் இந்த மரபின் உறவினர்கள்.

கோதா என்ற சொல்லைத் தமிழன் இன்று தேர்தலுக்கும் சினிமாவுக்கும் பயன்படுத்துகிறான். அசல் கோதா ஒரு மண்குழி. விடியுமுன் மண்வெட்டியோடு இறங்கி, முந்தின நாள் மிதிபட்டு இறுகிய மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். கட்டிகளை உடைத்து, பலகை இழுத்துச் சமன்படுத்த வேண்டும். எண்ணெய், மோர், மஞ்சள் கலந்து பதப்படுத்திய மண் அது. உள்ளங்கையில் அள்ளினால் பூப்போல உதிரும். குழியைக் கொத்தி முடிப்பதற்குள் தோளும் இடுப்பும் சூடாகிவிடும். அதன்பிறகே பிடி பழகுவார்கள். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அதற்கென்று தனி வேளையில். இன்று மனசு சரியில்லை என்று ஒருவன் நினைத்தாலும் குழி இறுகித்தான் கிடக்கும், யாராவது கொத்தியாக வேண்டும். வழக்கம் நின்றுபோகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

காமா இந்த மண்ணில் வளர்ந்தவர். 1888-இல், பத்து வயதில், ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்களோடு இறங்கிக் கடைசிப் பதினைந்து பேரில் ஒருவராக நின்றார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் தினம் 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு பஸ்கி என்பது உட்கார்ந்து எழுவது; அவ்வளவு பெரிய பலசாலிக்கு அது பாதி பலம்கூட இல்லை. சின்னச் சுமையை ஆயிரக்கணக்கான முறை, மறுநாளும் எழுந்து செய்யும்படியாகச் செய்ததில் இருக்கிறது அந்த உடம்பின் ரகசியம்.

கர்லாக்கட்டையை ஆங்கிலேயர்கள் இங்கே பார்த்து மயங்கி, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். டொனால்ட் வாக்கர் 1834-இல் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் அது இடம்பிடித்தது. லண்டனில் அதைப் பார்த்த சிம் கெஹோ அமெரிக்காவில் செய்து விற்கத் தொடங்கி, 1866-இல் தனி நூலே எழுதினார். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டி. 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத் வேலையில்லாத இளைஞர். பதக்கத்தோடு வெளியே வந்து, சாலையில் வண்டிகளை நிறுத்தி ஏறி வீடு சேர்ந்தார். அதோடு ஒலிம்பிக்கில் கட்டையின் கதை முடிந்தது. கட்டை கடல் கடந்தது. தினமும் ஆள் கேட்கும் மண்குழி கடக்கவில்லை.

ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் ஓட முடியாது என்பதை மேலைநாடுகளில் விஞ்ஞானமாக வகுத்தவர்களில் முக்கியமானவர் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ். 1960-களில் அவர் ஆண்டைத் தயாரிப்புக் காலம், போட்டிக் காலம், இளைப்பாறும் இடைக்காலம் என்று பிரித்தார். அந்த இடைக்காலத்திலும் வீரன் சும்மா படுத்துக் கிடப்பதில்லை. இலேசான பயிற்சி உண்டு.

தென் தமிழ்நாட்டில் இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல் வழவழவென்று உருண்டையானது. கைக்குப் பிடிமானமே தராது. குத்துக்காலிட்டு, கல்லை ஆரத் தழுவி, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளைத் தாண்டிப் பின்னால் எறிய வேண்டும். அதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்த காலம் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கல்லைத் தூக்கும் விழா பொங்கலில் ஒரு நாள்தான். மிச்ச நாட்களின் பயிற்சியை ஏற்றமும் மண்வெட்டியும் மூட்டையும் கொடுத்தன: உழவில் ஒரு விதம், அறுப்பில் ஒரு விதம், சித்திரை வெயிலில் கொஞ்சம் ஓய்வு. மோட்டார் வந்து ஏற்றத்தை நிறுத்தியபிறகு பல ஊர்களில் கல் பாதி மண்ணில் புதைந்துபோனதில் வியப்பில்லை.

நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்னும் புதையவில்லை. பொங்கல் நேரத்தில் அங்கே எடை வாரியாகக் கற்களை வரிசையாக வைக்கிறார்கள். பெரியவை நூறு கிலோவைத் தாண்டும். பெண்களுக்கும் போட்டி உண்டு. அவர்கள் தூக்குவது வீட்டு உரலை.