ஊதிய உயர்வு வேண்டாம் என்றவர்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். இ.எஸ்.ஐ. பிடித்தம் போடுவது என் வேலை. "ஆஸ்பத்திரிக்கே போகாத எனக்கு ஏன் சார் பிடிக்கிறீங்க?" என்று இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பேராசிரியர் அடார்கர் 1944-ல் அறிக்கை தந்தார். 1948-ல் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. கணக்கு எளிது: கட்டுவது சம்பளத்துக்கு ஏற்ப, பெறுவது நோய்க்கு ஏற்ப. என் காலத்தில் தொழிலாளி 1.75 சதவீதம், முதலாளி 4.75. நோயில்லாதவன் கட்டியதில்தான் நோயாளி பிழைப்பான்.

ஆனால் சம்பள வரம்பு உண்டு. 2009-ல் அது மாதம் 10,000 ரூபாய். அந்த ஏப்ரலில் வந்த ஒப்பந்தத்தால் ஒரு வெல்டரின் சம்பளம் வரம்பைத் தாண்டியது. அவர் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மூலம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

"சார், அந்த உயர்வு எனக்கு வேண்டாம். எழுதிக் கொடுத்துடறேன்" என்றார். ஒப்பந்தம் எல்லோருக்கும் பொது. ஒருவருக்காக மாற்ற வழியில்லை.

முன்பு கட்டிய சந்தாவுக்கு டிசம்பர் வரை சிகிச்சை கிடைத்தது. பிறகு கம்பெனியின் குரூப் மெடிக்கிளெயிம். அதில் வருடத்துக்கு 50,000 ரூபாய்தான். மூன்றே மாதத்தில் தீர்ந்தது. அங்கே வரம்பு சம்பளத்துக்கு இல்லை, நோய்க்கு.

2010 மே மாதம் இ.எஸ்.ஐ. வரம்பு 15,000 ஆனது. அவர் மறுபடி உள்ளே வந்தார். அதற்குள் வீட்டு நகை அடகுக்குப் போய்விட்டது.

2017-ல் வரம்பு 21,000 ஆனது. அந்தச் செய்தியைப் படித்தபோது, 21,100 வாங்கப்போகிறவரை நினைத்துக்கொண்டேன்.