எடை சொன்ன கணக்கு

சத்துணவு என்றதும் நம் தலைமுறைக்கு எம்.ஜி.ஆரும் 1982-ம் ஆண்டும்தான் நினைவுக்கு வரும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கிராமங்களில் தொடங்கிய இன்னொரு திட்டத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த அதன் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அரசுத் திட்டங்களால் பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்ததா என்று பார்ப்பதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இந்தத் திட்டம்தான்.

அதற்கு முன்பும் உணவுத் திட்டங்கள் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டால் பள்ளிக்கு வருகிற பிள்ளைதான் சாப்பிடும். உடல் வேகமாக வளர வேண்டிய, நோயில் சட்டென்று துவண்டுபோகிற கைக்குழந்தை வீட்டில் கிடக்கும். 1970-களில் இங்கே நடந்த ஊட்டச்சத்து ஆய்வு இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது.

எனவே, 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய புதிய திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளைக் குறிவைத்தது. ஊர்ப் பெண் ஒருவரே பணியாளர். மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு அட்டையில் குறிப்பார். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கு, பிள்ளைக்கு எதை, எப்போது ஊட்டுவது என்ற ஆலோசனையும் உண்டு.

எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் பொறுமையாகப் பேசித்தான் தராசு வீட்டு வாசலுக்குப் போனது.

மற்ற திட்டங்களின் மாதாந்திர அறிக்கை 'எத்தனை பேர் சாப்பிட்டார்கள்' என்று சொல்லும். இங்கே 'எத்தனை பேருக்கு எடை ஏறியது' என்ற கேள்வி எழுந்தது. முதலாவது செலவுக் கணக்கு. இரண்டாவதுதான் பலன் கணக்கு.

பலன் திட்டத்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? திட்டம் நடக்கும் ஒன்றியங்களையும் நடக்காத ஒன்றியங்களையும் ஒப்பிட வேண்டும். அதற்குள் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் வந்துவிட்டது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எல்லாக் கிராமங்களிலும் மதியச் சோறு. பிள்ளைகளுக்கு நல்ல செய்தி, ஒப்பிடுகிறவனுக்குத் தலைவலி. அந்த வயதில் எது எதனால் தேறியது என்று பிரிப்பது கடினமாயிற்று. சத்துணவு எட்டாத இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

1989-ல் முதற்கட்டம் முடிந்தபோது திட்டம் 173 ஒன்றியங்களில் நடந்துகொண்டிருந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. ஆனால் மிதமான குறைபாடு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியதால்தான் 1990-களின் இரண்டாம் கட்டத்தில் மிதமான குறைபாட்டின் மீதும் கவனம் சென்றது. வெற்றியை மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குழந்தைகள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

இன்றும் அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். பேரனையோ பேத்தியையோ அழைத்துப் போகும் அன்பர்கள் மாவு கொடுத்தார்களா என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். போன மாதத்தைவிட எடை ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.