ஆல்பமார்ல் தெருவில் வெப்பப் பாடம்

1991இல் இங்கிலாந்து வங்கி புதிய இருபது பவுண்டு நோட்டு ஒன்றை வெளியிட்டது. முன்பக்கம் வழக்கம்போல் அரசி. பின்பக்கத்தில் மைக்கேல் ஃபாரடே. கூடவே, அரைவட்டமாக அடுக்கடுக்காய் எழும்பும் இருக்கைகளில் கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மேசைக்குப் பின்னால் நின்று அவர் பாடம் நடத்தும் காட்சி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காக நடந்த விரிவுரை அது. மன்னர்களும் கோட்டைகளும் போர்க்கப்பல்களும் இடம்பிடிக்கும் பணத்தாளில் ஒரு வகுப்பறைக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

அந்த அரங்கம் லண்டனில் ஆல்பமார்ல் தெரு 21ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. பெயர் ராயல் இன்ஸ்டிடியூஷன். மின்காந்தத் தூண்டலை ஃபாரடே கண்டுபிடித்தது இங்கேதான் என்பதால் இதை மின்சாரத்தின் பிறந்தகம் என்பார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கட்டடத்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்த விஷயம் வெப்பம். வெப்பத்தை ஆராய்ந்த ஒருவர்தான் அதற்கு அடிக்கல் போட்டார். அங்கே பிள்ளைகளுக்கு நடந்த பாடங்களில் மிகப் புகழ் பெற்றது ஒரு சுடரைப் பற்றியது.

அடிக்கல் போட்டவரின் கதை எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல. பெஞ்சமின் தாம்சன் 1753இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, அவர்களுக்கு உளவு சொல்லி, ஊரைவிட்டு ஓடினார். பிறகு பவேரியாவின் ஆட்சியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மியூனிக் தெருக்களில் பிச்சை எடுத்தவர்களை வேலைக்கூடத்தில் சேர்த்துப் படைவீரர்களுக்குச் சீருடை தைக்க வைத்தார். குறைந்த செலவில் அவர்கள் வயிறு நிறைய வேண்டும் என்று ஒரு கஞ்சியும் வகுத்தார். எந்தத் துணி உடம்புச் சூட்டை அதிகம் காக்கும், எந்த அடுப்பு குறைந்த விறகில் எரியும் என்பதெல்லாம் அவருக்கு அரசாங்க வேலை. இந்தச் சேவைக்கெல்லாம் சேர்த்து ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் கிடைத்தது.

மியூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கி வார்ப்புகளைக் குடைவதை மேற்பார்த்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. குடையக் குடைய உலோகம் கொதிக்கும் சூடாகிறது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

அந்தக் காலத்துப் படித்தவர்களிடம் இதற்குத் தயாராக ஒரு விடை இருந்தது. வெப்பம் என்பது எடையில்லாத ஒரு பாய்மம், பெயர் கலோரிக். பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. உலோகத்தைச் சீவும்போது சீவலுக்குள் அடைபட்டிருந்த கலோரிக் வெளியே கசிகிறது என்று விளக்கம் சொன்னார்கள். ரம்ஃபோர்டு வேண்டுமென்றே முனை மழுங்கிய துளைப்பானை மாட்டினார். சீவல் அதிகம் விழவில்லை. சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வார்ப்பைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி அதில் தண்ணீர் நிரப்பினார். குதிரைகள் சுற்றிச்சுற்றி வந்தன. இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. அடியில் ஒரு சுள்ளி நெருப்புகூட இல்லை. சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். தனக்கும் சின்னப்பிள்ளை போல் சந்தோஷமாக இருந்தது என்பதை ரம்ஃபோர்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். குதிரை நடக்கும்வரை சூடு வந்துகொண்டே இருக்கிறது என்றால், உள்ளே இருப்பு வைத்த பொருளாக அது இருக்க முடியாது. இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798இல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் வாதிட்டார்.

அடுத்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதி ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் வீட்டில் கூடிய கூட்டத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவானது. அறிவியலை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவருவது நோக்கம். கட்டடத்துக்குள் ரம்ஃபோர்டு பாணி அடுப்புகளோடு ஒரு சமையலறையே அமைத்தார்கள். கொத்தர், கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர்களுக்கும் இங்கே பாடம் உண்டு என்று திட்டம். கட்டட வேலையைக் கவனித்த தாமஸ் வெப்ஸ்டர், அவர்கள் தெருவிலிருந்து நேரே அரங்கத்தின் மாடத்துக்கு ஏறிப்போகத் தனியாக ஒரு கல் படிக்கட்டு கட்டினார்.

அந்தப் படிக்கட்டு நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. உழைக்கிறவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தால் அடுத்து என்ன கேட்பார்களோ என்று பணம் போட்ட கனவான்களுக்குக் கலக்கம். படிக்கட்டை இடித்தார்கள், திட்டத்தையும் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். சக நிர்வாகிகளோடு ஒத்துப்போகாத ரம்ஃபோர்டு 1802இல் லண்டனை விட்டே போய்விட்டார். பாரிஸில் அவர் மணந்துகொண்டது யாரை என்பதுதான் வேடிக்கை: கலோரிக்குக்குத் தனிம அந்தஸ்து தந்த லவாசியேயின் விதவையை. அந்தக் குடித்தனம் நெடுநாள் நீடிக்கவில்லை. மனைவி அழைத்த விருந்தாளிகள் உள்ளே வர முடியாதபடி ஒருநாள் அவர் வாயிற்கதவைப் பூட்டிவிட, அந்த அம்மாள் இவருடைய அழகான பூச்செடிகள்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டார். ரம்ஃபோர்டு தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள செய்தி இது.

லண்டனில் அதற்குள் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் காலம் வந்துவிட்டது. அவர் பேச்சைக் கேட்கச் சீமாட்டிகளின் குதிரை வண்டிகள் வந்து குவிந்ததால்தான் ஆல்பமார்ல் தெரு லண்டனின் முதல் ஒருவழிப் பாதையாயிற்று என்று சொல்வதுண்டு. கொல்லர்களுக்காக நினைத்த இடம் கனவான்களின் பொழுதுபோக்கு மண்டபமாக மாறியது. பிறகு ஒரு கொல்லரின் மகன் அங்கே வந்து சேர்ந்தார்.

மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு 1812இல் டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு உதவியாளர் வேலை கிடைத்தது. 1825இல் அவர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில்தான் கிறிஸ்துமஸ் விரிவுரைகளும் தொடங்கின. முதல் வரிசையை நடத்தியவர் ஜான் மில்லிங்டன். 1827 முதல் 1860 வரை ஃபாரடே மட்டும் 19 வரிசைகளை நடத்தினார். கைவினைஞர்களின் படிக்கட்டை இடித்த கட்டடத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். 1855இல் அரசி விக்டோரியாவின் மகன்களே தந்தையோடு வந்து கேட்டார்கள். இருந்தாலும், தெரியாதவருக்குத் தெரியும்படி சொல்வது என்ற ரம்ஃபோர்டின் பழைய நோக்கம் அந்தக் கட்டடத்தில் பிழைத்துக் கிடந்தது இந்த விடுமுறை வகுப்பில்தான்.

1848இலும் மறுபடி 1860இலும் ஃபாரடே எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவத்தி. ஆறு விரிவுரைகளுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. வத்தியின் உச்சியில் உருகிய மெழுகு தேங்க ஒரு சின்னக் கிண்ணம் தானாக உருவாகிறதே, அதன் விளிம்பு ஏன் உருகவில்லை என்று தொடங்குவார். சுடரால் சூடான காற்று மேலே எழும்ப, கீழிருந்து குளிர்ந்த காற்று வந்து வத்தியின் பக்கங்களை உரசிக்கொண்டு போகிறது. விளிம்பு குளிர்ந்து கெட்டியாக நிற்கிறது. வெப்பச் சலனம் என்று இன்று பாடப்புத்தகம் பெரிய எழுத்தில் தலைப்பிடுவதை அவர் வத்தியின் விளிம்பில் காட்டி முடித்துவிட்டார்.

அடுத்து ஒரு தாளைச் சுடரின் நடுவில் குறுக்காகப் பிடிப்பார். தாள் வளையமாகக் கருகும். வளையத்தின் நடுப்பகுதி கருகாது. காற்றும் ஆவியும் சந்திக்கும் ஓரத்தில்தான் சூடு என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடருக்குள் நுழைத்து மறுமுனையில் வரும் ஆவியைக் கொளுத்தினால் அங்கே இன்னொரு சுடர். மூன்றாம் விரிவுரையில் சத்தம். தடித்த இரும்புக் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி இறுக மூடிப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த தொட்டியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்; உள்ளே தண்ணீர் உறைந்து விரிய, இரும்பு வெடிக்கும். நீராவி நிரம்பிய தகரப் பாத்திரத்தை மூடி மேலே குளிர்ந்த நீரை ஊற்றுவார். பாத்திரம் நசுங்கிச் சுருங்கும். 1860ஆம் ஆண்டு விரிவுரைகளை வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் அடுத்த ஆண்டே நூலாகப் பதிப்பித்தார். இன்றும் அச்சில் இருக்கும் நூல் அது.

ஃபாரடேயின் சாமர்த்தியம் கருவிகளில் இல்லை. அறைக்குள் வந்த ஒவ்வொரு பிள்ளையும் முந்தின இரவு வீட்டில் பார்த்த பொருளைத்தான் அவர் மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் காட்சிகள் இன்னும் பிரமாதமாக இருந்தன; ஆனால் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கிற மாதிரி இல்லை.

வெப்பப் பாடத்தின் மிகக் கடினமான முடிச்சை அவிழ்த்தது மட்டும் லண்டன் அல்ல, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. வெப்பமானி காட்டுவது வெப்பநிலையைத்தான். ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தை வாங்கியிருக்கிறது என்பது வேறு கணக்கு. இதில் இன்றும் பிள்ளைகள் குழம்புவார்கள், ஆசிரியர்களும்தான். 1760களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஜோசப் பிளாக் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் அதே எடைக்குப் பனி போலக் குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீரின் வெப்பநிலை அரை மணி நேரத்தில் 7 பாரன்ஹீட் டிகிரி ஏறி 40ஐத் தொட்டது. பனிக்கட்டி உருகி அதே 40க்கு வரப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அதாவது 21 அரை மணிகள். அவ்வளவு நேரமும் கூடத்துக் காற்றிலிருந்து அது வெப்பத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உருகி முடியும்வரை வெப்பமானி அசையவில்லை. உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது இதுதான். பிளாக் இதைப் புத்தகமாக எழுதவே இல்லை. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொன்னார். அவர்களின் குறிப்பேடுகள் வழியாகவே அது பரவியது. விரிவுரைகள் அச்சேறியது 1803இல், அவர் இறந்த பிறகு.

ஆல்பமார்ல் தெருவில் ரம்ஃபோர்டின் வாதத்தை விரிவுரை மேசைக்குக் கொண்டுவந்தவர் ஜான் டிண்டல். அயர்லாந்துக்காரர், நில அளவையாளராக இருந்து, பிறகு ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் பள்ளியில் பையன்களுக்குப் பாடம் எடுத்தவர். 1853இல் இங்கே பேராசிரியரானார். வெப்பம் என்பது ஒருவகை இயக்கமே என்ற தலைப்பில் 1862இல் அவர் நிகழ்த்திய 12 விரிவுரைகள் மறு ஆண்டு நூலாயின. மியூனிக்கின் பீரங்கியையும் குதிரைகளையும் அவர் ஒரு பித்தளைக் குழாயாகச் சுருக்கிவிட்டார். குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தக்கையால் அடைத்து, வேகமாகச் சுழலவிட்டு, இரண்டு மரக்கட்டைகளால் அதை இறுக்கிப் பிடிப்பார். சில நிமிடங்களில் உள்ளே தண்ணீர் கொதிக்கும். ஆவியின் வேகத்தில் தக்கை பறக்கும்.

தொட்டுணரும் சூட்டை நம்பக்கூடாது என்பது அவர் திரும்பத்திரும்பக் காட்டிய சங்கதி. வெப்ப மின்னடுக்கு என்ற கருவியைக் காந்த ஊசியோடு இணைத்திருப்பார். அதன் முகத்தில் மூச்சு விட்டால் ஊசி ஒருபக்கம் ஓடும். பனிக்கட்டி பட்டால் எதிர்ப்பக்கம். இதே வகைக் கருவியால்தான் 1859இல் அவர் நீராவியும் கரியமில வாயுவும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை விழுங்குவதை அளந்தார். இன்றைய புவி வெப்பமாதல் கணக்குகளின் வேர் அங்கே இருக்கிறது. மின்விளக்கின் ஒளியை அயோடின் கரைசல் வழியாக வடிகட்டிக் கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சமான கதிர்களை இருட்டில் ஒரு புள்ளியில் குவித்துப் பிளாட்டினத் தகட்டைத் தகதகக்க வைப்பார். அந்த இருட்டுப் புள்ளியில் ஒருமுறை தன் கண்ணையே வைத்துப் பார்த்திருக்கிறார். கண் தப்பியது அவர் அதிர்ஷ்டம். எந்தப் பள்ளியும் இதைச் செய்முறைப் பட்டியலில் சேர்க்காது. ஃபாரடே 1867 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு டிண்டல் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு வெப்பமும் குளிரும்.

குளிரின் பக்கம் இன்னும் தூரம் போனவர் ஜேம்ஸ் டியூவர். 1877இல் இங்கே பேராசிரியராகப் பொறுப்பேற்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர் வாயுக்களைத் திரவமாக்குவதில் பிடிவாதமாக இருந்தார். ஆக்சிஜன் திரவம் கொதிப்பது பூஜ்ஜியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸில். சாதாரணப் பாத்திரத்தில் ஊற்றினால் அறையின் சூடே அதைக் காய்ச்சிவிடும். 1892இல் அவர் இரட்டைச் சுவர் கண்ணாடிக் குடுவை ஒன்று செய்து சுவர்களுக்கிடையே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். வெற்றிடத்தில் கடத்தலுக்கும் சலனத்துக்கும் வழியில்லை. மிச்சமிருந்தது கதிர்வீச்சு, அதைத் திருப்பியனுப்பக் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு. 1898இல் ஹைட்ரஜனையும் திரவமாக்கினார், பூஜ்ஜியத்துக்குக் கீழே 253 டிகிரியில். இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: கருவிகள் வெடித்து உதவியாளர்கள் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்தார்கள்.

குடுவைக்கு டியூவர் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழில்காரர் அதற்கு உலோக உறை போட்டு, காப்பி டீ ஊற்றிக்கொள்ள ஏற்றதாக்கினார். 1904இல் தெர்மாஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. டியூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். 1923இல் இறக்கும்வரை ஆல்பமார்ல் தெருவை விட்டு அவர் நகரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி எடுத்துப் போக நம் வீடுகளில் வைத்திருந்த பிளாஸ்க் அவருடைய குடுவையின் வாரிசுதான். நம் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வெற்றிடக் குடுவை என்று அதன் குறுக்குவெட்டுப் படம் வரும். வெப்பம் போகும் மூன்று வழிகளையும் அது எப்படி அடைக்கிறது என்று எழுதி, பாகங்களைக் குறிக்க வேண்டும்.